ஆங்ஙோனோ என்றால் சின்ன

ஜனவரி 7, ஞாயிறு

சிஸ்டர் ஜெசிந்தா இன்று எங்கள் வீட்டில் இட்லியைத் தொடாமல் எழுந்து போனார். நடக்கக்கூடிய காரியமே இல்லை அது. இந்த ஸோம்பா ஊரில் இட்லி கிடைக்கிற ஒரே வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார். "மலாவியில எனக்கு ரெண்டே ஆறுதல். ஒண்ணு ஆண்டவர், இன்னொண்ணு உங்கம்மா சட்னி" என்பார். சிஸ்டருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

விஷயம் இதுதான். சிஸ்டர் நடத்தும் குழந்தைகள் இல்லத்துக்கு உதவி வந்த வெளிநாட்டு நிறுவனம், இனி இல்லங்களுக்கு உதவுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. குழந்தைகள் குடும்பங்களில்தான் வளர வேண்டுமாம். மார்ச் மாதத்தோடு இல்லத்தை மூடிவிடுவார்கள்.

"கொள்கைன்னு பாத்தா சரிதான் சிஸ்டர்" என்றார் அப்பா. அவர் இங்கே கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். எதையும் முதலில் கொள்கையாகத்தான் பார்ப்பார்.

"கொள்கை சரிதான் சார். குடும்பம் எங்க இருக்குன்னுதான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் எழுந்தார்.

அவர் போன பிறகு அந்த இட்லிகளை நான் சாப்பிட்டேன். சாப்பிட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 13, சனி

சனிக்கிழமைகளில் நான் இல்லத்துக்குப் போய்ச் சிறு குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டுவேன். ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன், இப்போது பதின்மூன்று. சிச்சேவா மொழியை இந்தக் குழந்தைகளிடமிருந்தும் அகராதியிலிருந்தும் கற்றேன். சிச்சேவாவில் 'ங' உண்டு, 'அங்ஙனம்' என்பதில் வருகிற அதே ங. இங்கே இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அது வாயில் வராது. எனக்கு வரும்.

தடாலாவுக்கு மட்டும் என் சிச்சேவா சிரிப்பாக இருக்கிறது. "டெனி, நீ பேசினா பாதிரியார் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருக்கு. எல்லாச் சொல்லும் சரி. ஆனா மனுசங்க யாரும் அப்படிப் பேச மாட்டாங்க." தேன்மொழி என்ற என் பெயர் அவர்கள் வாயில் டெனி ஆகிவிட்டது.

அவளுக்கு ஒன்பது வயது. அவள் பெயரை முதலில் கேட்டபோது அப்பா, "தடாலாவா? கூப்பிடும்போதே விழுந்துடுவா போலிருக்கே" என்றார். உண்மையில் அதற்கு 'நாங்கள் ஆசீர்வதிக்கப்பட்டோம்' என்று பொருள். இரண்டு வயதில் ஒரு தாத்தா அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். தாய் எங்கே என்று கேட்டதற்கு, 'போய்விட்டாள்' என்று மட்டும் சொன்னாராம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை.

மாலை ஏழு மணிக்கு மாய் நபண்டா மணி அடிப்பார். அவர்தான் இல்லத்தின் காப்பாளர். 'மாய்' என்றால் அம்மா. இங்கே பெரிய பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். மணி அடித்ததும் சில குழந்தைகள் மட்டும் வரிசையில் நிற்பார்கள், தடாலாவும். சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. ஒரு நாளும் தவறக்கூடாது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த அந்த நோயின் பெயரை இல்லத்தில் யாரும் சொல்வதில்லை. நோயை உள்ளே பிடித்து வைப்பதால் மாத்திரைக்குப் போலீஸ்காரர் என்று பெயர். 'போலீஸ்காரர் உள்ளே போயிட்டாரா?' என்று மாய் கேட்பார். குழந்தைகள் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

ஜனவரி 27, சனி

அம்மா குழந்தைகளுக்குத் துணிப்பை தைத்துக்கொண்டிருக்கிறாள், ஆளுக்கு ஒன்று. மூன்று நாளாக மதியம் மின்சாரம் இல்லாததால் கையால் சுற்றும் பழைய மெஷினில்தான் வேலை. நான் நூல் கோத்துக் கொடுத்தேன்.

யார் எங்கே போவது என்பதற்கு விதி வந்துவிட்டது. தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தால் அவர்களிடம். அவர்கள் இல்லாமல், மாத்திரை சாப்பிடுகிற குழந்தையாகவும் இருந்தால், பிளான்டயர் நகரத்தில் இருக்கும் பெரிய இல்லத்துக்கு. அங்கே மருத்துவமனை அடுத்த தெருவில். பள்ளிக்கூடமும் உள்ளேயே, அதில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகமாம். தடாலாவுக்கு யாருமில்லை என்பதால் அவளுக்கு அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அவளிடம் அந்தப் புத்தகச் சுவரைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க ந்சீமா கெட்டியா இருக்குமா, தண்ணியா இருக்குமா?" என்று கேட்டாள். ந்சீமா என்பது மக்காச்சோள மாவில் கிளறும் களி. தண்ணீராக இருந்தால் ராத்திரி பசிக்கும்.

கெட்டியாகத்தான் இருக்கும் என்றேன். எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 10, சனி

இன்று நான் ஒரு உண்மையான வேலை செய்தேன்.

தடாலாவுக்கு உறவினர் இருப்பதாக, பலோம்பே பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோயில் மூலமாகத் தகவல் வந்தது. நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் மிஸ் இங்கிரிட் நேரில் பார்க்க வேண்டும் என்றார். மாய் நபண்டா சாவு வீட்டுக்குப் போயிருந்தார். சிஸ்டருக்குச் சிச்சேவாவில் வணக்கமும் ஜெபமும்தான் வரும். "தேனு வரட்டுமே" என்றார் சிஸ்டர்.

வழியில் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் அதைத் தள்ள ஆள் தேடிப் போனார். நாங்கள் மூவரும் மக்காச்சோளக் காட்டு வழியாக நடந்தோம். எங்கே பார்த்தாலும் பச்சை. ஆனால் கதிர் இன்னும் முற்றவில்லை. இங்கே பசி மாதங்கள் இவைதான். கண் முன்னால் சாப்பாடு நிற்கும், சாப்பிட முடியாது.

அந்தப் பெண்ணின் பெயர் எலூபி. இடுப்பில் ஒரு குழந்தை, பின்னால் இரண்டு. எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு அவர் மண்ணில் உட்கார்ந்தார். மிஸ் இங்கிரிட் தடாலாவின் புகைப்படத்தைக் கொடுத்தார். எலூபி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தில் இருந்த மூக்கை விரலால் தடவினார்.

"நீங்கள் இந்தக் குழந்தைக்கு யார் என்று கேள்" என்றார் மிஸ் இங்கிரிட்.

கேட்டேன். அவர், 'அமாயி ஆங்ஙோனோ' என்றார். அமாயி என்றால் அம்மா. ஆங்ஙோனோ என்றால் சின்ன. பார்த்தாலே இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தடாலாவுக்கு ஒன்பது. கணக்குப் போட்டேன், எல்லாம் புரிந்தது. "ஷி இஸ் ஹெர் மதர். எ வெரி யங் மதர்" என்றேன்.

மிஸ் இங்கிரிட் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏன் குழந்தையை விட்டுவிட்டாள் என்று கேட்கச் சொன்னார்கள். அப்படிக் கேட்டால் புண்படுமே என்று, குழந்தை எப்படி இல்லத்துக்கு வந்தாள் என்று மாற்றிக் கேட்டேன்.

"அப்ப நானே சின்னப் பொண்ணு. என்னால பாத்துக்க முடியல. அப்பா தூக்கிட்டுப் போயிட்டார்."

"இப்போது அழைத்துக்கொள்வீர்களா?"

எலூபி இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "என் பிள்ளை. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

மாத்திரை பற்றிச் சொன்னேன். தலையசைத்தார். மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஆனால் மிஸ் இங்கிரிட் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அவர் என் தோளில் கை போட்டு, நீ இல்லாவிட்டால் இன்று ஒன்றும் நடந்திருக்காது என்றார். அகராதியைக் கொண்டுபோயிருந்தேன், திறக்கவே தேவைப்படவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தடாலாவிடம் நான்தான் முதலில் சொன்னேன். சிஸ்டர் பிறகு முறையாகச் சொல்வதாக இருந்தாராம். சொல்லாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

துணி துவைக்கும் கல்லருகே நின்றிருந்தாள். "உங்க அம்மா உயிரோட இருக்காங்க. நான் பாத்தேன். பேசினேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் வராத வரைக்கும். பிறகு, "என்னை ஞாபகம் இருக்காமா?" என்று கேட்டாள்.

"உன் மூக்கைத் தடவினாங்க. போட்டோவுல."

தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் ஓடினாள். இல்லத்தை இரண்டு சுற்று. எல்லோரிடமும், "எனக்கு அம்மா இருக்கு! டெனி பாத்துச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். யமிகானி என்ற பையன், "பொய்" என்றதற்கு அவனை அடித்துவிட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

பள்ளி விட்டதும் போனேன். தடாலா தலையில் வாளி வைத்துத் தண்ணீர் சுமந்து பழகுகிறாள். பாதி சிந்திவிடுகிறது. மதியச் சாப்பாட்டில் பாதியை யமிகானிக்குக் கொடுத்துவிடுகிறாளாம். "கொஞ்சமா சாப்பிட்டுப் பழகணும். அம்மாவுக்கு நான் பாரமா இருக்கக்கூடாது. டெனி, உங்க அம்மாகிட்ட காலையில எழுந்ததும் முதல்ல என்ன சொல்லுவே?"

யோசித்தேன். "காபின்னு சொல்லுவேன்."

"சீ. அன்பா எதுவும் சொல்ல மாட்டியா?"

மாய் நபண்டா சாவு வீட்டிலிருந்து வந்துவிட்டார். உரலில் இடித்துக்கொண்டே, "தடாலாவோட அமாயி கிடைச்சுட்டாங்களாமே. எந்த அமாயி?" என்று கேட்டார்.

என்ன கேள்வி இது? அமாயிதான் என்றேன்.

"அதான், எந்த அமாயி?"

"ஒருத்தருக்கு எத்தனை அம்மா இருப்பாங்க மாய்?"

அவர் உலக்கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர் பாத்தாங்கல்ல. சரி" என்று மறுபடி இடிக்கத் தொடங்கினார். அடுத்த மாதக் கடைசியோடு அவருக்கும் வேலை இல்லை. அதனால்தான் மனது சரியில்லை போலும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மதியம் சிவகாசியிலிருந்து போன். அம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மாமா வீட்டுக் கல்யாணம், எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பது. பிறகு, "இந்தாடி, சின்னம்மாகிட்ட பேசு" என்று போனை என் கையில் கொடுத்தாள்.

"சின்னம்மா" என்றேன்.

"சொல்லும்மா. என்னடி, கூப்பிட்டுட்டுப் பேசாம நிக்கிற? தேனு? அக்கா, உன் மக பேச மாட்டேங்குறா. பெரிய மனுசி ஆயிட்டா போல."

ஜலதோஷம் என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

மழை. கணக்குப் பரீட்சை. எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 21, புதன்

இல்லத்தில் துணிகளைப் பிரித்து அடுக்கினோம். சிஸ்டர் பிளான்டயர்க்காரர்களோடு போனில் பேசினார். தடாலாவுக்கு வைத்திருந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் வேறு யாரை அனுப்புவது என்று சொல்ல வேண்டுமாம்.

"யாரை அனுப்புறது, சொல்லுட்டி. நீதான் இவங்க எல்லாரையும் அறிஞ்சவ" என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார்.

நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்றேன். தடாலா வாசலில் வாளியோடு போனாள். இப்போது ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை.

பிப்ரவரி 24, சனி

யமிகானிக்கு இடம் கிடைத்துவிட்டது. அவனும் மாத்திரை சாப்பிடுகிறவன்தான். ஒரு சித்தப்பா இருக்கிறார், ஆனால் எங்கே என்று தெரியாது. நல்ல பையன். அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

பூசைக்குப் பிறகு கோயில் பக்கச் சுவரோரம் நின்று சொன்னேன். எலூபி தடாலாவின் அம்மா இல்லை. 'அமாயி ஆங்ஙோனோ' என்றால் இளம் தாய் இல்லை. சின்ன அம்மா. நம்முடைய சின்னம்மா. அம்மாவின் தங்கை. இங்கேயும் நம்மைப் போலத்தான் சொல்கிறார்கள்.

சிஸ்டர் முதலில் புரியாதவர்போலப் பார்த்தார். பிறகு அவரே வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "சின்ன அம்மா... சின்னம்மா. மாதாவே."

"நான் இங்கிலீஷ்லயே யோசிச்சுட்டேன் சிஸ்டர்."

"நானும் உன் பக்கத்துலதானட்டி உக்காந்திருந்தேன். எங்கிட்ட ஒரு தடவ தமிழ்ல சொல்லியிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார். பிறகு, "எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?" என்றார்.

இன்றுதான் என்றேன்.

சிஸ்டர் அங்கிருந்தே போன் போட்டார். பிளான்டயரில் இடம் முடிந்துவிட்டது. இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். மிஸ் இங்கிரிட் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் போனில் நெடுநேரம் பேசினார். எனக்குக் கேட்டது கொஞ்சம்தான். சித்தியும் குடும்பம்தானே, குழந்தையை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாரே, இதுவும் நல்ல முடிவுதான் என்று சொன்னாராம்.

"பிள்ளைகிட்ட இத யாரு சொல்லுதது?" என்று சிஸ்டர் கேட்டார். கேள்வி என்னிடம்தானா என்று தெரியவில்லை. இருவரும் இட்லி சாப்பிட வீட்டுக்கு வந்தோம்.

மார்ச் 3, சனி

தடாலா போய்விட்டாள்.

அம்மா தைத்த பையில் இரண்டு கவுன், ஒரு போர்வை, மூன்று மாதத்துக்கு மாத்திரை. என்னுடைய படப்புத்தகம் ஒன்றையும் வைத்தேன். மாய் நபண்டா அவளுக்குத் தலை பின்னிவிட்டார். முடித்ததும் அவள் தலையில் கை வைத்து அப்படியே நின்றார்.

ஜீப்பில் ஏறப்போகும்போது தடாலா என்னைக் கூப்பிட்டாள். காதருகே வந்து, "காலையில என்ன சொல்றதுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள்.

என்ன என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? அது எங்க அம்மாவுக்கு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

மார்ச் 17, சனி

பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த மூன்று புத்தகங்களையும் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மார்ச் 31, சனி

இல்லத்தைப் பூட்டிவிட்டார்கள். ஏழு மணிக்கு மணிச் சத்தம் கேட்காததை அப்பாகூடக் கவனித்தார். "என்ன, ஊரே அமைதியா இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 14, சனி

சிஸ்டரும் நானும் எலூபியின் கிராமத்துக்குப் போனோம். அப்பாதான் காரில் அழைத்துப் போனார். இப்போது பாதை காய்ந்திருக்கிறது. கார் குடிசை வரைக்கும் போனது.

தடாலா ஓடி வரவில்லை. எலூபியின் கடைக்குட்டியைச் சித்தேஞ்சே துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தைதான் அவளைத் தாங்கி நிற்பதுபோல் இருந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாள். உதட்டோரம் புண். தலைப்பின்னல் எல்லாம் போய் மொட்டை.

"டெனி, உன் சிச்சேவா முன்னேறிடுச்சா?" என்றாள்.

நாங்கள் இருவரும் குடிசைக்குப் பின்பக்கம் போனோம். அவள் கொஞ்சம் தள்ளியிருந்த மரக்கூட்டத்தைக் காட்டினாள். இங்கே கிராமத்துக் கல்லறைகள் மரக்கூட்டத்துக்குள்தான் இருக்கும். "வந்த அன்னைக்கே கூட்டிட்டுப் போனாங்க. நான் அவங்ககிட்ட, என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க அம்மான்னு கேட்டேனா, அவங்க ரொம்ப நேரம் அழுதுட்டு என்னை அங்க கூட்டிட்டுப் போனாங்க. மேல ஒரு தட்டுக் கவுத்து வச்சிருக்கு, ஓட்டை போட்டு. யாரும் திருடக்கூடாதுல்ல, அதுக்கு. அதுதான் எங்க அம்மாவாம். பேரு மேலியா."

அந்தத் தட்டு இங்கிருந்து தெரிகிறதா என்று மரங்களுக்கு நடுவே தேடினேன்.

"நீ பொய் சொல்லல டெனி. இவங்களும் அம்மாதான். என்னை அடிக்கிறதே இல்லை." முதுகுக் குழந்தையை ஆட்டிக்கொண்டாள். "ஆனா மாய் நபண்டாவா இருந்தா, எந்த அமாயின்னு கேட்டிருப்பாங்க."

அப்பா காரில் ஹாரன் அடித்தார். அடித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரை விஷயம். போலீஸ்காரர் உள்ளே போகிறாரா என்று தடாலாவிடம் கேட்டேன். "சாப்பாடு இருக்கிற அன்னைக்குப் போறார். வெறும் வயித்துல போனா வாந்தியா வந்துடுறார்" என்றாள். எலூபி வீட்டுக்குள்ளிருந்து புட்டியை எடுத்து வந்தார். துணியில் சுற்றிக் கூரைக் கழியில் செருகி, பத்திரமாக வைத்திருந்தார். கிட்டத்தட்ட நிறைந்தே இருந்தது. "விலை கூடின மருந்துன்னு தெரியும். காய்ச்சல் வர்ற அன்னைக்கு மட்டும் கொடுக்குறேன். ஒண்ணுகூட வீணாக்கல" என்றார், பெருமையாக.

சிஸ்டர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் கொடுக்க வேண்டும், காய்ச்சல் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று நான் மூன்று விதமாகச் சொன்னேன். எலூபி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிப்ரவரியிலும் இப்படித்தான் தலையசைத்தார். நாங்கள் கொண்டுபோன மாவையும் எண்ணெயையும் இரண்டு கைகளாலும் மண்டியிட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

தடாலாவை நாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அம்மா மாவு கரைப்பதை நிறுத்தவில்லை. அப்பாதான் பேசினார். ஜூலையோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, நாங்கள் சிவகாசிக்குத் திரும்புகிறோம். இன்னொரு நாட்டுக் குழந்தையை அப்படியெல்லாம் கூட்டிக்கொண்டு போக முடியாது. சட்டம் இருக்கிறது. மூன்று மாதம் வைத்திருந்து மறுபடி கொண்டுபோய் விட்டால் அது இதைவிடக் கொடுமை. எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அவர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார்.

"அந்த மூணு மாசமாவது மாத்திரை சாப்பிடுவாளேப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர் மூலமா கேட்டுப் பாக்கலாம்" என்றாள் அம்மா, மாவைப் பார்த்தபடி.

மே 5, சனி

சிஸ்டர் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டார். குழந்தை குடும்பத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டாள், நல்லபடி முடிந்த விஷயம் இது, மறுபடி பிரிக்கச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார்களாம். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் சொல்லி ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்றும் சொன்னார்களாம்.

பிளான்டயரிலிருந்து யமிகானி போனில் பேசினான். ந்சீமா கெட்டியாகத்தான் இருக்கிறதாம்.

மே 19, சனி

அப்பாவின் கார் பட்டறையில் இருக்கிறது. பாகம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும். மினிபஸ்ஸில் போகலாம் என்றேன். அம்மா விடவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து ஆள் போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 9, சனி

கார் நேற்றுத்தான் வந்தது. இன்று விடிந்ததும் கிளம்பினோம். கடும் குளிர். முலாஞ்சே மலை முழுக்க மேகம். சிஸ்டரோடு அம்மாவும் வந்தாள். தடாலாவை ஜூலை வரைக்கும் நம்மோடு வைத்துக்கொள்ள எலூபி சம்மதிப்பாரா என்று கேட்கப் போனோம். அப்பாவே சம்மதித்துவிட்டார். நான் காரில் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒரு சொல்கூடத் தவறக்கூடாது என்று.

குடிசையில் யாரும் இல்லை. கதவு இருந்த இடத்தில் கதவும் இல்லை. அறுவடை முடிந்த காட்டில் தட்டைகள் மட்டும் நின்றன. எலூபியின் காட்டில் விளைச்சல் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.

பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து சிஸ்டரிடம் இரண்டு கைகளாலும் நீட்டினார். மாத்திரைப் புட்டி. எலூபி கொடுத்துவிட்டுப் போனாராம். இல்லத்துக்காரர்களுடைய பொருள், எல்லை தாண்டிக் கொண்டுபோவது முறையில்லை, வந்தால் ஒப்படைத்துவிடுங்கள் என்று.

சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை. கனத்திலேயே தெரிந்திருக்கும்.

"எங்க போனாங்கன்னு கேளுட்டி."

கேட்டேன். மொசாம்பிக் பக்கம், தோட்ட வேலைக்கு. பெரியவர் மலைக்கு அப்பால் கையைக் காட்டினார். பிறகு தடாலாவைப் பற்றி நான் கேட்காமலே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"அம்மா அவளை முதுகுல சுமந்துட்டுப் போனாங்களாம்."

அவர் சொன்ன சொல் 'பெரேகா'. முதுகில் சுமப்பதற்கும் அதுதான் சொல், பிள்ளை பெறுவதற்கும் அதுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒன்பது வயசுப் பிள்ளையையா?" என்றாள் அம்மா.

கேட்டேன். அவளால் நடக்க முடியவில்லை, ரொம்ப நாளாகவே படுத்துத்தான் கிடந்தாள், தூக்கினால் ஒரு கட்டு விறகு அளவுகூடக் கனமில்லை என்றார். கடைக்குட்டியை மூத்தவன் சுமந்தானாம். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன், எதையும் மாற்றாமல். அப்பா காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எப்பத் திரும்பி வருவாங்கன்னு கேளு" என்றார் சிஸ்டர்.

பெரியவர் என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார், குழந்தை எதையாவது கேட்டால் சிரிப்பதுபோல. "கயா" என்றார்.

அந்தச் சொல்லைச் சிஸ்டர் இங்கு வந்த நாளிலிருந்து கேட்டிருப்பார். கடையில், பஸ் நிற்குமிடத்தில், எங்கும் அதைச் சொல்வார்கள். அவருக்கு அது தெரியும். இருந்தாலும் புட்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு பொருள் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

"தெரியாதாம் சிஸ்டர்" என்றேன்.